மா கின் சொன்னது

ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டதற்கு மறு வருஷம், ஆனி மாதம். விடிந்ததிலிருந்து மழை. சாலை என்னும் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதும் சிவதாணு பிள்ளை, தன் தம்பி மனைவியை மாட்டுவண்டியில் ஏற்றிப் பெண்களுக்கான தர்ம ஆஸ்பத்திரியின் வாசலில் கொண்டுவந்து இறக்கினார். தாங்கிப் பிடித்து நடத்த அவருக்குக் கூச்சம். குடையை மட்டும் அவள் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி கூடவே வந்தார்.

"பேரு?" என்று கேட்டாள் நர்ஸ் தாசம்மாள்.

சிவதாணு பிள்ளை திணறினார். "எந்தம்பி பூதலிங்கம் பெண்ஜாதின்னு எழுதிக்கிடுங்கோ சிஸ்டர்."

"அது உங்க தம்பி பேருல்லா. இவ பேரு என்ன?"

"என்னமோ சொன்னா. என் நாக்குல நிக்கல்ல."

தாசம்மாள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். வட்டமான முகம், இடுங்கிய கண்கள், நெற்றியில் பொட்டில்லை. யாரோ கொடுத்த சுங்கடிச் சேலையை லுங்கி மாதிரி இடுப்பில் சுற்றி, மிச்சத்தைத் தோளில் போட்டிருந்தாள். காய்ச்சலில் பல் கிட்டியிருந்தது. ஆனாலும் தாசம்மாள் தன்னைப் பார்ப்பதைக் கண்டதும் இரண்டு கைகளையும் குவித்துக் கும்பிட்டாள்.

பூதலிங்கம் மீசை முளைக்கும் வயதில் நாஞ்சில் நாட்டிலிருந்து ரங்கூனுக்குக் கப்பலேறியவன். அங்கே ஒரு அரிசி ஆலையில் குமாஸ்தா. மாதம் தவறாமல் அண்ணனுக்குக் கடிதம் போடுவான். ஆலையைப் பற்றி எழுதுவான், மழையைப் பற்றி எழுதுவான். பர்மாக்காரி ஒருத்தியைக் கட்டிக்கொண்டதை மட்டும் எழுதவேயில்லை. ஊரே காலியானபோது புருஷனும் பெண்டாட்டியும் மற்றவர்களோடு கால்நடையாகப் புறப்பட்டிருக்கிறார்கள். வந்து சேர்ந்தது இவள் மட்டும். திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவன் இவளைக் கூட்டிக்கொண்டு வந்து சிவதாணு பிள்ளை வீட்டு வாசலில் நிறுத்தினான். "உங்க தம்பி வழியில போயிட்டாரு. இது அவரு சம்சாரம். விலாசம் அவரு சொன்னதுதான்" என்றான். அவனுக்கும் காய்ச்சல். உட்காரச் சொல்லியும் உட்காராமல் அன்றைக்கே ரயிலைப் பிடித்துப் போய்விட்டான். எந்த ஊர், யார் மகன் என்று கேட்கவேண்டும் என்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

பிள்ளையின் மனைவி சொர்ணம்மாள் பின்கட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தாள். வேளைக்குச் சோறு வைத்தாள். கொடுமை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் ஒரு வார்த்தை பேச வழியில்லாத மனுஷியோடு ஒரே வீட்டில் எப்படி இருப்பது என்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான். வா, இரு, தண்ணி, போதும். அப்புறம் ஒரே ஒரு முழு வாக்கியம்: "நாளைக்கு ஊருக்குப் போலாம்." காட்டு வழியில் புருஷன் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பான் போலிருக்கிறது. அர்த்தம் தெரிந்து சொன்னாளோ என்னவோ, யார் அழுதாலும் சிரித்தாலும் அதையே சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு நீண்ட கூடம்தான் வார்டு. அதற்குள்ளேயே எல்லோருக்கும் இடம் பிரிந்திருந்தது. வலியசாலை அக்ரஹாரத்துப் பெண்களுக்குக் கிழக்கு மூலை. அவர்களுக்கு வீட்டிலிருந்துதான் சாப்பாடு வரும். நாயர் வீட்டுப் பெண்கள் நடுவில். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வாசல் பக்கம். தெருக்கூட்டும் பெண்கள் படுத்தால் பின்வராந்தா. யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரியும். இவளை எங்கே படுக்க வைப்பது என்பதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

"அவா எதையெல்லாமோ சாப்பிடுவாளாமே சிஸ்டர்" என்றாள் கிழக்கு மூலையில் பிள்ளை பெற்றுப் படுத்திருந்த சாவித்ரி. குரலில் வெறுப்பில்லை. பயம்தான் இருந்தது.

கடைசியில் பின்வராந்தாவின் ஓரக் கட்டில்தான் கிடைத்தது. சாரல் அடிக்கும் இடம். தாசம்மாள் இரண்டு சாக்குகளைச் சேர்த்துத் தைத்துத் திரையாகக் கட்டிவிட்டாள்.

டாக்டர் சாராம்மா கோட்டயத்துக்காரி. தமிழையும் மலையாளத்தையும் கலந்து பேசுவாள். ரத்தத்தை எடுத்துக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லை, மலேரியா. பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களில் பாதிப்பேருக்கு அதுதான். "கொயினா தொடங்கிக்கோ. அந்த மருந்து வர்ற ஜாவா ஜப்பான்காரன் கைக்குப் போனதுக்கு அப்புறம் அதுவும் கிட்டான் பாடு. நம்மகிட்ட இருக்கே, பாக்கியம்" என்றாள்.

தாசம்மாள் கொயினாத் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு போனாள். அதன் வாசனை எட்டியதுமே அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். பிறகு ஒரு கையை அடிவயிற்றில் வைத்து, சேலையைப் பிடித்து இழுத்துக் காட்டி, "ஸீ, துவே" என்றாள். "ஸீ, துவே."

ஆயா வடிவாம்பாள் பக்கத்தில் நின்றாள். "சீ, துவைங்கிறா சிஸ்டரம்மா. சேலை அழுக்கா இருக்காம். பாவம், சுத்தக்காரி போலிருக்கு" என்றாள்.

அப்படித்தான் கேட்டது. வேறு எப்படியும் கேட்க வழியில்லை. புருஷன் சொல்லிக் கொடுத்த தமிழ்தானே என்று தாசம்மாளும் நினைத்தாள். வடிவாம்பாள் ஆஸ்பத்திரிச் சேலை ஒன்றைக் கொண்டுவந்து மாற்றிவிட்டு, பழையதை எடுத்துப்போய்க் கல்லில் அடித்துத் துவைத்து, மழை படாத இடமாகப் பார்த்து உலர்த்தினாள். உலர்ந்த சேலையைக் கொண்டுவந்து காட்டியபோது அந்தப் பெண் அதைப் பார்த்தாள், வடிவாம்பாளைப் பார்த்தாள், பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி அழ ஆரம்பித்தாள்.

"துவைச்சது பிடிக்கல்லியோ?" என்றாள் வடிவாம்பாள், முகம் சுண்டிப்போய்.

சாயங்காலம் காய்ச்சல் ஏறியது. மறுபடி கிண்ணம் வந்தது. மறுபடி அதே வார்த்தைகள். தாசம்மாளுக்கு மனசு ஒப்பவில்லை. டாக்டரிடம் போனாள்.

"இவ வெறுமனே அடம்பிடிக்கல்ல டாக்டரம்மா. என்னமோ சொல்லுதா. யாராவது பர்மா பாஷை தெரிஞ்சவங்களைப் பிடிச்சுக் கேட்டுட்டுக் கொடுக்கலாமே."

சாராம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவளும் நாள் முழுக்க நின்றவள். "தேடு. வேண்டாங்கல்லே. ஆனா காய்ச்சல் நூத்திநாலு, தாசம்மா. தலைக்கு ஏறிச்சுன்னா அப்புறம் பாஷை தெரிஞ்ச ஆள் வந்து என்ன கேட்பான்? காத்திருக்கான் பற்றில்ல."

அதுவும் சரிதான். தாசம்மாள் திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மூக்கைப் பிடித்து ஊற்றலாம். குழந்தைகளுக்கு அப்படித்தான் செய்வது. அவள் செய்யவில்லை. அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டாள். "நல்லதுக்குத்தான் பிள்ளே. குடிச்சிரு. நான் இருக்கேன்லா" என்றாள். அவளுக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. ஆனால் வெகுநேரம் தாசம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பொத்தியிருந்த கையை எடுத்தாள். கிண்ணத்தைத் தானே வாங்கி, ஒரே மூச்சில் குடித்தாள்.

மறுநாள் விடுப்பு நேரத்தில் தாசம்மாள் தம்பானூர் ரயில் நிலையத்துக்குப் போனாள். பர்மா அகதிகள் யாராவது வந்து இறங்குகிறார்களா என்று போர்ட்டர்களிடம் விசாரித்தாள். "போன மாசம்வரை வந்தா சிஸ்டர். இப்போ எல்லாரும் அவனவன் ஊரு போய்ச் சேந்தாச்சு" என்றான் ஒருவன். இன்னொருவன் யோசித்து, சாலைக் கடைத்தெருவில் வெல்ல மண்டிகளின் பக்கம் ஒரு கடைக்காரன் இருக்கிறான், ரங்கூனில் கடை வைத்திருந்தவன் என்றான்.

அந்தக் கடைக்காரர் திரவியம். ஐம்பது வயதுக்காரர், நாசரேத்துப் பக்கம் சொந்த ஊர். குண்டு விழுவதற்கு முன்பே கப்பலைப் பிடித்துத் தப்பி வந்தவர். தாசம்மாள் சொன்னதைக் கேட்டதும் மூட்டைமேலிருந்து எழுந்துவிட்டார்.

"பேசுவேன் சிஸ்டர். ஆனா என் பர்மாப் பேச்சு கடைப் பேச்சாக்கும். அரிசி, எண்ணெய், ஏத்தம், இறக்கம். அதுக்கு மேல கேட்டா முழிப்பேன்."

"அது போதும் அண்ணாச்சி. என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொன்னாப் போதும்."

கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அப்போதே கூட வந்தார். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரன் மறித்துவிட்டான். பெண்கள் வார்டுக்குள் ஆண்கள் வரக்கூடாது. புருஷன், தகப்பன், கூடப்பிறந்தவன் என்றால் மாலையில் ஒரு மணி நேரம். அந்த நேரமும் முடிந்துவிட்டது. டாக்டர் சாராம்மா ஒரு பிரசவ கேஸில் உள்ளே இருந்தாள், கூப்பிட முடியாது. தாசம்மாள் கெஞ்சினாள். காவல்காரன் நல்ல மனுஷன்தான். ஆனால் போன மாசம் யாரையோ உள்ளே விட்டதற்கு அவன் வேலை போகப் பார்த்தது. "என்னெ கஷ்டத்திலாக்காதே சிஸ்டர்" என்று கைகூப்பினான்.

திரவியம் மழையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "நாளைக்குச் சரக்கெடுக்கக் கோட்டாறு போகணும். மறுநாள் வந்திருதேன். டாக்டரம்மாகிட்ட கேட்டு வையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதற்கிடையில் வேளை தவறாமல் கொயினா போயிற்று. இப்போது அவள் அடம்பிடிப்பதில்லை. தாசம்மாள் கொடுத்தால் குடித்தாள். காய்ச்சல்கூடச் சற்று இறங்கினாற்போல் இருந்தது. சாவித்ரி தன் வீட்டிலிருந்து வந்த ரசத்தை ஒரு டம்ளரில் ஊற்றி, "சுடச்சுட இருக்கு, அவளுக்குக் கொடுங்கோ" என்று வடிவாம்பாளிடம் கொடுத்தனுப்பினாள். எல்லாம் சரியாகிவிடும் என்று தாசம்மாள் ஒரு பகல்பொழுது நம்பினாள்.

மறுநாள் காலை வடிவாம்பாள் படுக்கைத் தட்டை எடுத்தவள், அதை அப்படியே கொண்டுவந்து டாக்டர் மேஜைக்கு முன் நீட்டினாள். தட்டிலிருந்த மூத்திரம் கட்டன் காப்பி மாதிரி கறுத்திருந்தது.

சாராம்மா அதைப் பார்த்ததும் எழுந்தாள். "கொயினாவை நிறுத்து" என்றாள். "உடனே நிறுத்து."

மலேரியா அடிக்கடி வந்து, கொயினாவும் விட்டுவிட்டுச் சாப்பிட்ட சிலருக்கு இப்படி ஆவதுண்டு. உடம்புக்குள்ளேயே ரத்தம் உடைந்து மூத்திரத்தில் கறுப்பாகப் போகும். ஒரு தரம் வந்தவர்களுக்குக் கொயினாவைக் காட்டவே கூடாது. அவர்களுக்கென்று வேறொரு மஞ்சள் மாத்திரை இருந்தது. பட்டாளத்துக்குப் போக மிச்சமிருந்தால்தான் கிடைக்கும், கேட்டு வாங்கியிருக்கலாம். முன்பு வந்ததா என்று நோயாளியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். சாராம்மாவுக்கு இதெல்லாம் தெரியும். கேட்க வாய்தான் இல்லாமல் போயிற்று.

பத்து மணிக்குத் திரவியம் வந்தார். சாராம்மாவே வாசலுக்குப் போய் அவரைக் கையோடு அழைத்து வந்தாள். காவல்காரன் எழுந்து நின்று வழிவிட்டான். சிவதாணு பிள்ளையும் செய்தி கேட்டு ஓடி வந்திருந்தார். அவரும் பின்னாலேயே வந்தார்.

திரவியம் கட்டிலருகே குனிந்து ஏதோ சொன்னார். தமிழ் இழுப்போடு தட்டுத்தடுமாறி வந்த பர்மாப் பேச்சுதான். ஆனால் அதைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் கண்கள் அகலமாகத் திறந்தன. வெளிறி மஞ்சளித்துக் கிடந்தவள், அவர் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"பேரு மா கின்னாம்" என்றார் திரவியம்.

தாசம்மாள் தானும் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். "மா கின்." அந்தப் பெண் தலையசைத்தாள்.

"அண்ணாச்சி, ஸீ, துவேன்னு சொல்லிட்டே இருந்தா. அது என்னன்னு கேளுங்கோ."

திரவியம் கேட்கவில்லை. கேட்காமலே அவருக்குத் தெரிந்திருந்தது. தாசம்மாளைப் பார்க்காமல் சொன்னார்: "ஸீன்னா மூத்திரம் சிஸ்டர். துவேன்னா ரத்தம்."

வடிவாம்பாள் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சாராம்மா ஒவ்வொன்றாகக் கேட்கச் சொன்னாள். இதற்கு முன் எப்போது வந்தது? வழியில், ஒரு முகாமில். அங்கே இதே கசப்புத் தண்ணீர் கொடுத்தார்கள். அப்புறம்தான் கறுப்பாகப் போயிற்று. எத்தனை தரம்? திரவியத்துக்கு அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. விரலைக் காட்டிக் கேட்டார். அவள் ஒரு விரலைக் காட்டினாள்.

அதற்கப்புறம் மா கின் பேச ஆரம்பித்தாள். எத்தனை நாளாகப் பேசாமல் வைத்திருந்தாளோ, எல்லாம் ஒன்றாக வந்தது. மெல்லிய குரலில், வேகமாக, மூச்சு வாங்க வாங்க. இடையே பூதலிங்கத்தின் பெயர் அடிபட்டது. "பூத்தா, பூத்தா" என்று அவள் அவனைச் சொல்லியிருக்கவேண்டும். பெயர் வரும்போதெல்லாம் சிவதாணு பிள்ளை நிமிர்ந்தார்.

"என்ன சொல்லுகா? தம்பி எப்படிப் போனாங்கிறதைச் சொல்லுகாளா? கேட்டுச் சொல்லுங்கோ அண்ணாச்சி. எரிச்சாங்களா, புதைச்சாங்களா? கடைசியில யாராவது பக்கத்துல இருந்தாங்களா? அதைக் கேளுங்கோ."

திரவியத்தின் நெற்றி வேர்த்திருந்தது. "ஆறுங்கிறா. மழைங்கிறா. அரிசி… யாரோ அரிசி கொடுத்தாங்க, இல்லேன்னா யாரோ எடுத்துட்டுப் போனாங்க… எனக்குச் சரியாப் பிடிபடல்ல. இவ பர்மாவுல வடக்குப் பக்கத்துக்காரி. ரங்கூன்ல பேசுத மாதிரி இல்ல. மெதுவாச் சொல்லுன்னாலும் கேக்க மாட்டேங்கிறா."

"இன்னொரு தரம் சொல்லச் சொல்லுங்கோ."

"சொன்னேன். சொல்லுதா. எனக்குத்தான் புரியல்ல." திரவியம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "முப்பது வருஷம் அந்த ஜனங்களோட இருந்தேன், பிள்ளைவாள். விலை கேக்கத் தவிர வேறெதுக்கும் அந்தப் பாஷையை நான் பேசினதில்லை."

மா கின் நெடுநேரம் பேசினாள். நான்கு பேர் சுற்றி நின்று கேட்டார்கள். ஆறு, மழை, அரிசி, அம்மா, தூக்கம் என்று அங்கங்கே ஒரு வார்த்தை மட்டும் திரவியத்தின் கையில் அகப்பட்டது. மற்றதெல்லாம் சாரலோடு போயிற்று. பேசி முடித்து அவள் சிவதாணு பிள்ளையைப் பார்த்தாள். பதிலுக்குக் காத்திருக்கிறாள் என்று தெரிந்தது. என்ன கேட்டாள் என்று தெரியாமல், அவர் "சரிம்மா, சரிம்மா" என்று தலையை ஆட்டினார். அவர் கண்ணிலிருந்து நீர் ஒழுகியது. அவள் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டவள்போல் கண்ணை மூடினாள்.

சாராம்மா செய்யக்கூடியதையெல்லாம் செய்தாள். நரம்பில் உப்புத் தண்ணீர் ஏற்றினாள். ரத்தம் கொடுக்க யாராவது கிடைப்பார்களா என்று பெரிய டாக்டர்களிடம் ஆள் அனுப்பினாள். சிவதாணு பிள்ளை தன் கையை நீட்டினார். அவர் ரத்தம் சேரவில்லை. மறுநாள் மூத்திரமே நின்றுவிட்டது. அதற்கடுத்த மத்தியானம், மழை கொஞ்சம் விட்டிருந்த நேரத்தில், மா கின் போய்விட்டாள். தாசம்மாள் பக்கத்தில்தான் இருந்தாள்.

"இவங்க வழக்கம் என்ன அண்ணாச்சி? எதுவும் குறைவா வேண்டாம்" என்று சிவதாணு பிள்ளை திரவியத்திடம் கேட்டார். அவர்களுடைய பிக்குகள் வந்து ஓதுவதைப் பார்த்திருப்பதாகத் திரவியம் சொன்னார். இங்கே பிக்குவுக்கு எங்கே போவது? கடைசியில் நம்முடைய வழக்கப்படிதான் நடந்தது. சொர்ணம்மாள் தன் பட்டுச் சேலை ஒன்றை அனுப்பியிருந்தாள்.

சாராம்மா ஆஸ்பத்திரிக் கமிட்டிக்கு எழுதினாள். இந்த ஊரில் எத்தனையோ தேசத்து ஜனங்கள் இருக்கிறார்கள், வருகிறார்கள். பாஷை தெரிந்தவர்களை எந்த நேரமும் வார்டுக்குள் விடவேண்டும், அப்படிப்பட்டவர்களை முன்கூட்டியே தேடி வைக்கவும் வேண்டும் என்று. கமிட்டியில் ஒருவர், "ஒரு பர்மாக்காரி வந்தாள், போய்விட்டாள். இன்னொருத்தி வருவாளா என்ன?" என்று கேட்டாராம். விவாதம் மாசக்கணக்கில் இழுத்து, கடைசியில் முதல் பாதிக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. திரவியத்துக்கு எந்த நேரமும் உள்ளே வரலாம் என்று உத்தரவு. அவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாதாகோயிலில் ஆராதனை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு வந்து, "யாராவது இருக்காங்களா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டுப் போவார். யாரும் இருக்கமாட்டார்கள். சில நாள் அவர் போகாமல் வராந்தாவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். தாசம்மாள் ஒரு டீ கொண்டுவந்து கொடுப்பாள்.

மறு வருஷம் ஐப்பசியில், வடக்கேயிருந்து தீர்த்த யாத்திரை வந்த ஒரு கூட்டம், நோயில் விழுந்த ஒருத்தியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுக் கன்னியாகுமரிக்குப் போயிற்று. திரும்பும்போது அழைத்துப் போகிறோம் என்று சைகையால் சொன்னார்கள். வயதானவள். கையில் தோள்வரை வெள்ளை வளையல்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள். தாசம்மாள் அவசரமாகச் சாலைக் கடைத்தெருவுக்குத் திரவியத்திடம் ஆள் விட்டாள். திரவியம் ஓடி வந்து கேட்டுவிட்டு, உதட்டைப் பிதுக்கினார். இந்துஸ்தானி தெரிந்த ஒரு தபால் குமாஸ்தாவைக் கூட்டி வந்தார்கள். அது இந்துஸ்தானியும் இல்லை என்றார் அவர்.

ஆண்கள் இருவரும் வெளியே போனார்கள். சாராம்மா, "இப்போ என்ன செய்ய, தாசம்மா?" என்றாள். அவள் அப்படிக் கேட்டுத் தாசம்மாள் பார்த்ததில்லை.

தாசம்மாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்தக் கிழவிக்கு எதிரே உட்கார்ந்தாள். கிழவி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எதையோ சொன்னாள்.

"இன்னொரு தரம் சொல்லுங்கோ அம்மா" என்றாள் தாசம்மாள்.

கிழவி சொன்னாள். புரியவில்லை.

"இன்னொரு தரம்."